ஆறுதலாப் போவம்

பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற தேவாலயங்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் வெளியிலிருந்துதான். யாராவது அவற்றின் வண்ணக் கண்ணாடி யன்னல்களைப் பற்றிப் பேசினால் நானும் தலையாட்டிக்கொண்டு இருப்பேன். அந்தக் கண்ணாடிகளை உள்ளே நின்றுதான் பார்க்க வேண்டுமாம். வெளியே நின்று பார்த்தால் அடுப்படிச் சுவர் மாதிரிக் கறுப்பாகத்தான் தெரியும். பதினொரு வயதில், எங்கள் பழைய வெள்ளை வான் வண்டியில் கலேயிலிருந்து லூர்து வரை ஐந்து நாள் போனபோது நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில், மோர்டன் பக்கம் இருந்தோம். அப்பா ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் செய்தார். காலையில் வந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு படுப்பார். நானும் தம்பியும் பள்ளிக்கூடத்தால் வரும்போது எழும்பி, தேத்தண்ணியோடு கொட்டாவி விட்டுக்கொண்டு இருப்பார். அவர் முழு விழிப்பில் இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. எங்கள் வீட்டில் சத்தம் போட்டுச் சிரிப்பதற்குக்கூட நேரம் பார்க்க வேண்டும்.

பயணம் அம்மாவின் நேர்த்திக்கடன். அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் மாமா, ஏஜென்சிக்காரனோடு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு ஐந்து மாதமாகியிருந்தது. இடையில் ஒருமுறை போன் எடுத்தார். எந்த நாடென்று அவருக்கே தெரியவில்லை. பனி கொட்டுகிறது என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு மூச்சுப் பேச்சில்லை. அம்மா முருகனிடம் கேட்டாள், பிள்ளையாரிடம் கேட்டாள், கடைசியில் லூர்து மாதாவிடம் போய் நின்றாள். சைவக்காரருக்கு மாதாவிடம் என்ன வேலை என்று எங்கள் ஆட்கள் யாரும் கேட்கமாட்டார்கள். மடு மாதா கோயிலுக்கு ஒருமுறையாவது போகாத சைவக் குடும்பம் எது? தம்பியைக் கண்ணில் காட்டினால் அவன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவதாக வேண்டிக்கொண்டாள். காரியம் ஆன பிறகு செய்வதுதான் நேர்த்தி. ஆனால் அம்மாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. முதலே கொளுத்திவிட்டால் மாதாவுக்கு மறுக்க முகம் இராது என்பது அவளுடைய எண்ணம்.

எங்களிடம் இருந்தது நீல மட்டை போட்ட அகதிப் பயணப் புத்தகம். அதில் பிரான்ஸ் விசா குத்துவிப்பதற்காக அப்பா நித்திரையை விட்டு எத்தனையோ காலைகள் வரிசையில் நின்றார். கிடைத்தது மாதாவின் ஆவணித் திருநாளை ஒட்டிப் பதினாலு நாள், இரண்டே இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையை விட்டால் மறுபடி முதலிலிருந்து வரிசைதான்.

வெளிக்கிடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால் அப்பா சவரம் செய்வதை நிறுத்தினார். ஏனென்று அம்மா கேட்டாள். சும்மாதான் என்றார். சும்மா தாடி வளர்க்கும் ஆள் அவர் இல்லை என்பதால் அம்மா தானே ஒரு காரணம் கண்டுபிடித்தாள்: மச்சானுக்காக நேர்த்தி வைத்து வளர்க்கிறார். அன்றைக்கே சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் போனது. மற்றப் பெண்களின் புருஷன்மார் தங்கள் மச்சான்மாருக்காக ஒரு நகம்கூட வளர்க்கமாட்டார்கள் என்று பெருமைப்பட்டாள். அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தூரப் பயணம் என்றால் ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு வாகனத்தைக் கொண்டுபோய் ஒரு தேங்காய் உடைப்பது எங்கள் வழக்கம். அந்த முறை அப்பா நேரமில்லை என்றார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே நாலு தேசிக்காயை நாலு சில்லுக்கும் கீழே வைத்தாள். அவற்றை நசுக்கிக்கொண்டு மோர்டனை விட்டுப் புறப்பட்டோம்.

வானின் பின்பக்கத்தில் ஒரு மெத்தை, ஒரு காஸ் அடுப்பு, அரிசிப் பை, அம்மா சுட்ட பலகாரங்கள். அம்மாவுக்குத் தலைசுற்றும் என்பதால் தம்பியையும் அணைத்துக்கொண்டு பின்னால் படுத்திருந்தாள். நான் முன்சீற்றில் வரைபடத்தோடு இருந்தேன். வீட்டில் ஆங்கிலம் ஒழுங்காக வாசிக்கக்கூடியவள் நான்தான். பிரெஞ்சும் ஆங்கிலம் மாதிரித்தானே என்று எல்லாரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

பெரிய வீதியால் போனால் ஒன்றரை நாளில் லூர்துக்குப் போகலாம் என்று நான் விரலால் அளந்து சொன்னேன். அப்பா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"வளைஞ்சு வளைஞ்சு போற சின்ன ரோட்டுகள் இருக்கும், அதைப் பார் பிள்ளை. ஆறுதலாப் போவம்."

ஆறுதலாக என்றால் எங்கள் பேச்சில் மெதுவாக, அவசரப்படாமல் என்று பொருள். ஆறுதலாச் சாப்பிடு, ஆறுதலா வா, ஆறுதலாக் கதைப்பம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் எழுதித் தந்திருந்தார்கள். அதைப் பாடமாக்கி, பரீட்சையில் எழுதி, சரியென்று ஒரு கோடும் வாங்கியிருந்தேன்.

அப்படித்தான் அந்தப் பயணம் தொடங்கியது. கலேயில் இறங்கி, மாடுகள் நின்ற ஒழுங்கைகளிலும் சூரியகாந்தித் தோட்டங்களுக்கு நடுவிலும் மணிக்கு முப்பது மைலில் ஊர்ந்தோம். எங்களுக்குப் பின்னால் உழவு இயந்திரங்கள் ஹோர்ன் அடித்தன. ஊரைக் கண்டால் நிறுத்துவார். ஆற்றைக் கண்டால் நிறுத்துவார். ஒன்றும் இல்லாத இடத்திலும் நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து, காலை வெளியே போட்டுக்கொண்டு இருப்பார். லண்டனில் எந்த நேரமும் நித்திரைக்கு ஏங்குகிற மனிதர் அங்கே நித்திரை கொள்ளவே இல்லை. நான் எப்போது கண் விழித்தாலும் வானின் படியில் உட்கார்ந்து, பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருப்பார். மைல்களை எண்ணுகிறார் என்று நினைத்தேன். வரைபடம் என் கையில் இருக்க அவர் தனியாக எண்ணுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஷார்த்ர் என்ற ஊரில் தேவாலயம் வெகு தூரத்திலிருந்தே வயலுக்கு நடுவே தெரியத் தொடங்கியது. கிட்டப் போனதும் அம்மா சேலையைச் சரிசெய்தாள். எங்கள் பேச்சில் அதுவும் கோயில், இதுவும் கோயில். வாசலைக் கண்டால் அம்மாவின் கால் தானாகத் திரும்பும். அப்பா ஒரு மூலையில் கட்டியிருந்த கட்டடச் சாரத்தைக் காட்டினார்.

"உள்ளுக்குத் திருத்த வேலை நடக்குது போல."

"அவையெல்லாம் போகினமே?"

"அவை இந்த ஊர்ச் சனம்."

தோளில் கமெராவோடு யப்பான்காரர் ஒரு கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், களைத்துப்போயிருக்கிறார் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த நாள் லுவார் ஆற்றங்கரையில் கோட்டைகள். அங்கே உள்ளே போகத் தடை ஒன்றுமில்லை. அப்பா எங்களை எல்லா அறைக்கும் கூட்டிக்கொண்டு போனார். எந்த அரசன் எந்தக் கட்டிலில் படுத்தான் என்று நான் வாசித்துச் சொன்னேன். பாதிக்கு மேல் என் சொந்தக் கற்பனை. தம்பிக்குக் கால் வலித்தது, எனக்குப் பசித்தது. அம்மா ஒரு கல் இருக்கையில் உட்கார்ந்து, மாமாவின் பழைய படம் ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். அவர் ஒரு சைக்கிளோடு நிற்கும் படம். சைக்கிள் சீற்றின் உயரத்தை வைத்து அவருடைய உயரத்தைக் கணித்து, மெழுகுதிரி எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அந்த நாட்களில் அவளுடைய வேலை. எட்டு வருடத்துக்கு முன்னால் அவரை விட்டுவிட்டு வந்தபோது அவர் அவளுடைய காது மட்டத்துக்கு இருந்தாராம்.

நாலாம் நாள் பொவாத்தியே என்ற ஊரில் அம்மாவின் பொறுமை முடிந்தது. நல்ல வெயில். வானுக்குள் மெத்தை கொதித்தது. திருநாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான்.

"இஞ்சாருங்கோ, இப்பிடிப் போனா நாங்கள் போய்ச் சேரேக்க திருநாள் முடிஞ்சு மாதாவும் படுத்திடுவா."

"ஆக்கப் பொறுத்தனீர், ஆறப் பொறுக்கேலாதோ?" என்றார் அப்பா.

அம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, எதிரே இருந்த பழைய தேவாலயத்தின் படிகளில் ஏறத் தொடங்கினாள். இவரோடு மினைக்கெட்டுப் பிரயோசனமில்லை, இங்கேயே ஒரு திரியைக் கொளுத்துகிறேன் என்பது போல இருந்தது அந்த நடை. அப்போது அப்பா கத்தினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகும் கேட்டதில்லை.

"கால் வைக்காதையும்!"

சதுக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா படியில் அப்படியே நின்றாள். அப்பா ஓடிப்போய், மூச்சு வாங்க, நேர்த்தி வைத்த கோயிலுக்குப் போகமுந்தி வேறு கோயில் வாசல் மிதித்தால் நேர்த்தி முறிந்துபோகும் என்றார். அம்மாவுக்குத் தெரியாத விரத விதி உலகத்தில் இல்லை. ஆனால் இருக்கிற விதி ஒன்றை இல்லை என்றால்தான் அவள் சண்டைக்கு வருவாள். புதிதாக ஒன்று இருக்கிறது என்றால் பயந்து ஏற்றுக்கொள்வாள்.

"ஆர் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள்.

"ஐயா சொல்லுறவர்."

ஐயா என்றது அப்பாவின் தகப்பனாரை. யாழ்ப்பாணத்தில் இருந்த என் அப்பப்பா. அதைச் சொல்லிவிட்டு அப்பா இருமத் தொடங்கி, வெகுநேரம் இருமினார். அம்மா படியிலிருந்து இறங்கி, தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று பின்னேரம் தோர்தோன் என்ற ஆற்றின் கரையில் ஒரு கூடாரத் திடலில் வானை நிறுத்தினோம். அடுத்த நாள் காலையில், வெளிச்சம் பரவத் தொடங்கியதும், நான் ஒன்றுக்குப் போக இறங்கினேன். அப்பா வானின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். தாடி முழுதும் போயிருந்தது. மெலிந்துபோன ஒரு முகம் உள்ளேயிருந்து வந்திருந்தது. அதன்பிறகு அவர் முதல் நாள் மிச்சச் சோற்றில் ஒரு பிடி எடுத்து, பலகாரப் பெட்டியைத் திறந்து ஒரு எள்ளுப்பாகு உருண்டையை உடைத்துச் சோற்றோடு பிசைந்தார். எள்ளுப்பாகோடு சோறு சாப்பிடுகிறவரை நான் கண்டதில்லை. என்னென்று கேட்க முன்னால் அவர் என்னைக் கேட்டார்.

"பிள்ளை, தெற்கு எந்தப் பக்கம்?"

அந்தப் பயணத்தில் என்னை மதித்துக் கேட்ட முதல் கேள்வி அது. ஓடிப்போய் வரைபடத்தை எடுத்துவந்து, ஆற்றுக்கு நேராகத் திருப்பிப் பிடித்து, கையை நீட்டிக் காட்டினேன். "அங்கால. அங்கால போனா ஸ்பெயின் வரும்."

அப்பா உடுத்திருந்த சாரத்தோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். நான் காட்டிய பக்கம் பார்த்து நின்றார். சோற்றை ஒரு பெரிய இலையில் வைத்துத் தண்ணீரில் விட்டார். அது சுழன்று சுழன்று போனது. எங்கிருந்தோ ஐந்தாறு தாராக்கள் நீந்தி வந்து அதைக் கொத்தத் தொடங்கின. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"அப்பா, தாராவுக்கு எள்ளுப்பாகு நல்லாப் பிடிச்சிருக்கு."

"ஓம் பிள்ளை," என்றார் அப்பா. "வடிவாச் சாப்பிடட்டும்."

பிறகு மூன்று முறை தலை மூழ்கினார். குளிர்ந்த தண்ணீர். எழும்பியபோது கண் சிவந்திருந்தது.

வானுக்குத் திரும்பியபோது அம்மா அடுப்பை மூட்டக் குனிந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சவரம் செய்த முகம், சொட்டுகிற தலை, திறந்தபடி கிடந்த பலகாரப் பெட்டி. பெரிய சண்டை வரப்போகிறது என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். மாதாவின் வாசலுக்கு அரை நாள் தூரத்தில் வந்து நேர்த்தித் தாடியை எடுத்த மனிதரை அவள் சும்மா விடுவாளா? ஆனால் அம்மா அடுப்பை மூட்டாமல் விட்டுவிட்டு, திடலின் குழாயடிக்கு வாளியைக் கொண்டுபோனாள். உடுத்த உடுப்போடு தன் தலையில் தண்ணீர் வார்த்தாள். நித்திரையில் கிடந்த தம்பியைத் தூக்கிவந்து அவன் தலையிலும் வார்த்தாள். அவன் கத்திய கத்தலில் பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரி எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பிடித்தாள். நேற்றுத்தானே முழுகினேன் என்று நான் அழுதேன். கோயிலுக்குப் போவதென்றால் சுத்தமாகப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகுதான் அடுப்பு எரிந்தது.

அன்று பின்னேரம் லூர்தில் இருந்தோம். மெழுகுதிரி விற்ற இடத்தில் அம்மாவின் சைக்கிள் கணக்குக்குச் சரியான அளவு இல்லை. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. வளர்ந்திருப்பான் என்று நெட்டையை வாங்கினாள். அப்பா அதைத் தோளில் சுமந்துகொண்டு, அந்த ஐந்து நாளில் முதல் தடவையாக, எங்களுக்கு முன்னால் கோயிலுக்குள் நடந்தார். அடுத்த தை மாதம் மாமா லண்டன் வந்து சேர்ந்தார். மெழுகுதிரியை விட நாலு விரல் குட்டை.

பயணத்தால் வந்து இரண்டு மாதத்தில், கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். அப்பப்பா ஆடி மாதமே காலமாகிவிட்டாராம். யாழ்ப்பாணத்துக்குப் போன் இல்லாத காலம், இப்படித்தான் செய்தி பிந்தி வரும். சொந்தக்காரர் வந்து நிறைந்தார்கள். தகப்பனுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்யக்கூடக் கொடுத்துவைக்கவில்லையே என்று எல்லாரும் அழ, அப்பா அழவில்லை. தலை முழுகிவிட்டு வந்து, எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். லண்டன் குளிர் நெஞ்சுக்குள்ளும் போய்விடும் என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். எனக்கு அப்பா மேல் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவும் போய்விட்டார். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் அடிப்பது எங்கள் வழக்கம். அதற்கு விவரம் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கும் அப்போது இரவு வேலைதான், ஆஸ்பத்திரியில். அப்பாவின் கொட்டாவி இப்போது என் வாயில் இருக்கிறது. ஒருநாள் வேலை முடிந்து வந்து, சப்பாத்துக்கூடக் கழற்றாமல், கொழும்பில் இருக்கும் அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, போன் எடுத்தேன். அப்பப்பா எப்போது காலமானார் என்று கேட்டேன். திகதியைச் சொல்லிவிட்டு அத்தை தொடர்ந்தார்.

"நான்தானே கொழும்புக்கு வந்து அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னனான், ஐயா மோசம் போய்ப் பத்தாம் நாள். அவர் வேலை செய்யிற இடத்துக்கு எடுத்தனான். வீட்டில சொல்லாதை, நாங்கள் லூர்துக்குப் போக இருக்கிறம், உன்ர அண்ணி நேர்த்தி வைச்சிருக்கிறா எண்டவர். துடக்கோட எப்பிடியண்ணை கோயிலுக்குப் போறது எண்டு கேட்டன். முப்பத்தொரு நாள் முடியுமட்டும் எந்தக் கோயிலுக்கும் விடமாட்டன், அந்தியேட்டியை வழியில எங்கயாவது ஆத்தில செய்யிறன் எண்டு சொன்னவர்."

நான் போனை வைத்துவிட்டு அந்த நாற்காலியிலேயே இருந்தேன். சாவு விழுந்த வீட்டுக்காரர் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. அது எனக்கும் பதினொரு வயதிலேயே தெரியும். வீட்டில் சொல்லியிருந்தால் பயணம் இல்லை, விசா இல்லை, மெழுகுதிரி இல்லை. அவர் விரல் கணுக்களில் எண்ணியது மைல்களை அல்ல.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா கட்டிலில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"தாடி எடுத்துத் தலை முழுகி வந்த மனுசனைப் பாத்தா விளங்காதே?" என்றாள். "நீயும்தானே பக்கத்தில நிண்டனீ."

ஓம், நானும்தான் நின்றேன். தெற்கைக் காட்டியவளே நான்தான்.

அன்று காலை ஆற்றங்கரையில் இன்னொன்றும் நடந்தது. எல்லாம் ஏற்றி முடிந்து, ஈரத் தலையோடு நான் வழக்கம் போல முன்சீற்றில் ஏறப் போனேன். அம்மா என் தோளைத் தொட்டு, பின்னால் போய்த் தம்பியோடு இருக்கச் சொன்னாள். தலைசுற்றும் என்று நாலு நாளாகப் பின்னால் கிடந்தவள், என் இடத்தில் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு வந்த கோபத்தில் வரைபடத்தையும் கொடுக்க மறுத்தேன். அவள் அதைக் கேட்கவுமில்லை. அப்பா வானை எடுத்தார். அடுத்த நாள் விடிந்தால் திருநாள், பெரிய வீதி கிட்டத்தான் இருந்தது, நாலு நாளாகக் கெதியாப் போங்கோ, கெதியாப் போங்கோ என்று நச்சரித்தவள் இனி அவரைப் பறக்க வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவருடைய முகத்தைப் பார்க்காமல், முன்னால் இருந்த சின்ன ரோட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆறுதலாப் போங்கோ."

அம்மாவும் களைத்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.